பெட்ரோவராடின் கோட்டைக்கு நாலு மணி நேரம்: சுரங்கமா, மதில் நடையா?

வடகரை:
செர்பியாவில் பெல்கிரேடிலிருந்து நோவி சாட் போய் அன்றே திரும்புகிறவர்களுக்கு, டான்யூபின் எதிர்க்கரையில் இருக்கும் பெட்ரோவராடின் கோட்டைக்கு நாலு மணி நேரம் ஒதுக்கலாம். கோட்டைக்கடியில் ஓடும் சுரங்கப்பாதைக்கு டிக்கெட் எடுப்பதா, அந்த நேரத்தில் மேலேயே சுற்றுவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

கொத்தளம்:
மேலே நடப்பதுதான் சரி. 1692-ல் ஆஸ்திரியர்கள் அடிக்கல் நாட்டி, வேலை முடியவே 1780 ஆகிவிட்டது. அந்த 88 வருட உழைப்பு முழுக்க மதிலின் கோணங்களில் தெரிகிறது. பழைய வட்டக் கோபுரத்தின் அடியில் எதிரி ஒட்டி நின்றுவிட்டால் மேலிருந்து சுட முடியாது. அம்புமுனை போல நீளும் கொத்தளத்தில் அப்படி ஒளிய இடமே கிடையாது. பக்கத்துக் கொத்தளத்துப் பீரங்கி அதன் முகத்தை நீளவாக்கில் துடைத்துவிடும். அகழிக்குள் இறங்கி மதில் மூலையில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள், எந்தச் சுடுதுளையிலிருந்து குண்டு வரும் என்பது உடனே புரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் கடிகாரக் கோபுரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு, மொட்டைமாடியில் காபி குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தென்கிழக்கில் இருக்கும் ஹோர்ன்வெர்க் என்ற வெளியரண் பக்கம் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

அடிநிலம்:
கொத்தளம் அண்ணா சொன்ன ஹோர்ன்வெர்க்கே என் கட்சிக்குச் சாட்சி. டான்யூப் வளைந்து பாறையைக் காக்கிறது. தரைவழி திறந்துகிடப்பது அந்தத் தென்கிழக்குப் பக்கம் மட்டும்தான். முற்றுகையிடுகிறவன் அங்கேதான் மண்ணுக்கடியில் குடைந்துவந்து மதிலுக்குக் கீழே வெடிமருந்தை வைப்பான். அவனை மண்ணுக்குள்ளேயே மறிக்கத்தான் எதிர்ச்சுரங்கம். மொத்தம் சுமார் 16 கிலோமீட்டர், நாலு அடுக்கு, 12,000 சுடுதுளை என்பது கணக்கு. கிளைப்பாதையின் நுனியில் காவலாள் காதை வைத்துக் கேட்பான். அந்தக் காலத்துக் கோட்டைகளில் முரசின் தோலில் உலர்ந்த பட்டாணியைப் போட்டு வைப்பார்கள், எதிரி கடப்பாரை போடும் அதிர்வில் அது துள்ளும். திசை தெரிந்ததும் இவன் முந்திக்கொண்டு வெடிவைத்து அவன் குழியை மூடிவிடுவான். இதைப் பார்க்காமல் வருகிறவர் பாதிக் கோட்டையைத்தான் பார்க்கிறார்.

கொத்தளம்:
தம்பி, எதிரியை மண்ணுக்குள் மறிக்கும் வேலை அந்தச் சுரங்கத்துக்கு வரவே இல்லையே! 1694-ல் துருக்கியர் முற்றுகையிட்டபோது அது கிடையாது. 1716 ஆகஸ்ட் 5-ல் ஆஸ்திரியத் தளபதி சவாய் இளவரசர் யூஜின் துருக்கிப் படையை முறியடித்தது கோட்டைக்கு வெளியே, வெட்டவெளியில். அடுத்த வருடமே பெல்கிரேடும் ஆஸ்திரியர் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் சொல்லும் வலைப்பின்னலின் பெரும்பகுதி அதற்கெல்லாம் பின்னால் வந்தது. பீரங்கிகள் நிஜமாகவே பேசியது 1849 ஜூன் 12-ல். ஆஸ்திரியரை எதிர்த்துக் கோட்டையைப் பிடித்துவைத்திருந்த ஹங்கேரியப் புரட்சிப் படை எதிரே இருந்த நோவி சாடையே தரைமட்டமாக்கியது. இன்றைய நகர மையத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. அதைப் புரிந்துகொள்ள மேல்மாடியில்தான் நிற்கவேண்டும்.

அடிநிலம்:
அந்த வேலை வரவில்லை என்பதால்தான் சுரங்கம் இடியாமல் நம் கைக்கு வந்திருக்கிறது. வெடித்திருந்தால் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

வடகரை நண்பருக்கு நடைமுறை விவரம்: திறந்துவிட்டிருப்பது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், நகர அருங்காட்சியக வழிகாட்டியோடு மட்டும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மேலே ஏறியதும் முதல் வேலையாக அருங்காட்சியகத்தில் ஆங்கிலக் குழு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதை விட்டால் செர்பிய மொழிக் குழுவில் மாட்டிக்கொண்டு எதுவும் புரியாமல் சுவரைப் பார்த்து நடக்கவேண்டிவரும். வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே குளிரும், முழுக்கைச் சட்டை வேண்டும். தரை ஈரமாக இருக்கும், செருப்பு ஆகாது. இடுக்கான இடத்தில் மூச்சடைப்பவர்களை நான் வற்புறுத்தமாட்டேன். குழுவை விட்டுக் கிளையில் திரும்பக்கூடாது. புதிதாகப் புகுந்தவர் வழி தெரியாமல் குழம்பிவிடுவார்.

படித்துறை:
இரண்டு பேரும் கீழே இருக்கும் பழைய ஊரை மறந்துவிட்டீர்கள். பாறையடியில் உள்ள பொட்கிராஜே என்ற அந்த ஊரும் கோட்டையின் ஓர் அங்கம்தான், அதற்கும் தனி மதிலும் பெல்கிரேட் வாசலும் உண்டு. நோவி சாட் மையத்திலிருந்து டுனாவ்ஸ்கா தெரு வழியாக வந்து வராடின் பாலத்தைத் தாண்டினால் அரை மணிக்குள் இங்கே வந்துவிடலாம். டாக்ஸிக்காரர் சாலைவழியாக நேரே மேலே இறக்கிவிட்டால் இந்த ஊர் கண்ணிலேயே படாது. புனித ஜார்ஜ் தேவாலயத்துப் பக்கம் ஏறும் படிகள் 200-க்கு மேல். முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸியில் ஏறி, இறங்கும்போது ஊர்வழியாக வரட்டும்.

கடிகாரத்தைப் பார்க்கும்போது கவனம். ஆற்றில் போகும் படகுக்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்று அதில் மணிக்குப் பெரிய முள், நிமிடத்துக்குச் சிறிய முள். பெரிய முள் 4-க்கும் 5-க்கும் நடுவில், சிறியது 6-ல் நின்றால் நாலரை மணி. பழக்கதோஷத்தில் ஆறரைக்கு அருகே என்று படித்துவிடுவார்கள். குளிரில் பிந்தவும் செய்யும், அதனால் உள்ளூரில் அதற்குக் குடிகாரக் கடிகாரம் என்றே பெயர். ரயிலுக்கு அதை நம்பவேண்டாம்.

கொத்தளம்:
படித்துறை சொல்வதை ஏற்கிறேன். காலையில் வருவதானால் படியேறி மொட்டைமாடிக்கே முதலில் போங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், நோவி சாடின் கூரைகளும் தேவாலயக் கோபுரமும் துலக்கமாக விழும். மாலையில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்குவதால் படமெல்லாம் கருத்துப்போகும். ஆங்கிலக் குழு ஒரு மணி நேரத்துக்குள் கிளம்புவதானால் சுரங்கத்துக்கும் போய்வாருங்கள். அதற்கு மேல் காக்கவைத்தால் அந்த நேரத்தை ஹோர்ன்வெர்க்குக்குக் கொடுங்கள் என்பேன்.

அடிநிலம்:
காத்திருக்கும் நேரத்திலேயே ஹோர்ன்வெர்க்கைச் சுற்றிவிட்டு சுரங்கத்துக்கு வரலாமே அண்ணா. மேலே தரை எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கினால், வழிகாட்டி காட்டும் ஒவ்வொரு கிளையும் எந்த அகழியை நோக்கிப் போகிறது என்று பிடிபடும். மழை பெய்திருந்தால் மட்டும் அகழிக்குள் இறங்கவேண்டாம், புல்சரிவு வழுக்கும்.