காருக்குப் பின்னால் ஹிட்ச் சைக்கிள் ரேக்: வடசென்னை அனுபவப் பகிர்வு

கொளத்தூர்

ஏழு சீட்டு சிஎன்ஜி வண்டி. ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது. சைக்கிள் இரண்டு: 29 அங்குல எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஒன்று, மட்கார்டும் கூடையும் வைத்த லேடிஸ் சைக்கிள் ஒன்று. ஞாயிறு விடியற்காலையில் மீஞ்சூர் போய் அவுட்டர் ரிங் ரோட்டில் ஓட்ட வேண்டும், எப்போதாவது பழவேற்காடு. டிக்கியில் பட்டை போட்டுக் கட்டும் ரேக் கதவு விளிம்பை நசுக்குகிறது. கூரைக்குச் சைக்கிளைத் தூக்குவது வீட்டில் எல்லோராலும் ஆகாது. அதனால் ஹிட்ச் ரேக்தான்: வண்டியின் பின்பக்க அடியில் ரிசீவர் என்ற சதுரக் குழாயைப் பொருத்தி, அதில் செருகுகிற ரேக். மாட்டியவர்கள், மாட்டிக் கொடுப்பவர்கள், எங்கே தப்பு நடக்கிறது என்று சொல்லுங்கள்.

வியாசர்பாடி, ஃபேப்ரிகேஷன் பட்டறை

தம்பி, முதலில் வண்டி, அடுத்து ரேக், கடைசியில்தான் ரிசீவர். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருகிறார்கள்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பொலேரோ, ஸ்கார்பியோ, தார் மாதிரி ஏணிச் சேஸிஸ் வண்டி என்றால் கனமான இரண்டு சட்டம் பின்கோடி வரை வரும், வேலை சுலபம். உங்களுடையது மோனோகாக், அதாவது தனிச் சேஸிஸ் இல்லாமல் பாடியே சுமை தாங்கும் வண்டி. அதில் சட்டம் என்று நினைப்பது உள்ளே வெற்றாக இருக்கும் தகட்டுப் பெட்டி. அதில் துளை போட்டு போல்ட்டை இறுக்கினால் தகடு உள்வாங்கும். ஒரு வாரத்தில் போல்ட் தளரும், மறுபடி இறுக்குவார்கள், இன்னும் உள்வாங்கும். இதற்குப் பெட்டிக்குள் ஸ்லீவ் வைக்க வேண்டும். அதாவது போல்ட் நுழைகிற அளவு தடித்த பைப்புத் துண்டு, நீளம் பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக. வெளியே இரண்டு பக்கமும் 6 மி.மீ. பிளேட். போல்ட் எம்12, தரம் 8.8, பக்கத்துக்குக் குறைந்தது மூன்று. கம்பெனி விட்ட துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஸ்டெப்னி குழியின் தகட்டிலோ, பம்பருக்குள் இருக்கிற மெல்லிய பாரிலோ ரிசீவரைத் தொங்கவிடாதீர்கள்.

சிஎன்ஜி வண்டியில் டிக்கித் தரைக்கு அடியில் டிரில் போடவே கூடாது. சிலிண்டர் ஸ்டாண்டின் போல்ட்டும் காஸ் பைப்பும் அங்கேதான் வரும். வண்டியில் வைத்து வெல்டிங்கும் வேண்டாம். ரிசீவரைக் கழற்றி வெளியே பற்றவைத்து, பிறகு போல்ட்டில் ஏற்றுங்கள்.

திருவொற்றியூர், சைக்கிள்காரர்

ரேக் பற்றி. தொங்கவிடும் மாடலில் மேல்குழாயைக் கொக்கியில் மாட்ட வேண்டும். லேடிஸ் சைக்கிளில் மேல்குழாய் கிடையாது. ஹேண்டிலுக்கும் சீட் கம்பத்துக்கும் நடுவே தனியாக ஒரு கம்பி மாட்டித்தான் தொங்கவிட முடியும், அப்போதும் வழியெல்லாம் ஊஞ்சலாடும். உங்களுக்கு டிரே மாடல்தான். சக்கரம் டிரேயில் உட்காரும், ஃபிரேமை எதுவும் தொடாது.

ஆனால் டிரே மாடலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கொக்கிக் கை முன்சக்கரத்தின் மேல் வந்து டயரை அழுத்திப் பிடிக்கும். வெளிநாட்டில் மட்கார்டு இல்லாத சைக்கிளுக்காகச் செய்தது அது. நம்மூர் இரும்பு மட்கார்டின் மேல் அது உட்கார்ந்தால் மட்கார்டு வளைந்து டயரில் உரசும், பிடிமானமும் பொய்யாகிவிடும். மட்கார்டு இருந்தால் ரிம்மைப் பட்டையால் கட்டி, நடுக் கம்பத்திலிருந்து ஒரு கை வந்து சீட்டுக்குக் கீழே உள்ள குழாயைப் பிடிக்கிற வகை வாங்குங்கள். கூடையைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள்.

கனமான சைக்கிள் காரை ஒட்டி, இலகுவானது வெளியே. ஒன்றின் ஹேண்டில் இடப்பக்கம் என்றால் அடுத்தது வலப்பக்கம். அப்படியும் ஹேண்டில் அடுத்த சீட்டில் இடித்தால் சீட்டை ஒரு சாண் இறக்குங்கள்.

பெரம்பூர்

ரிசீவர் குழாய்க்கு 60×60×5 சதுரப் பைப் போட்டால் போதுமா அண்ணே? உள்ளளவு 50 வருகிறதே.

வியாசர்பாடி, ஃபேப்ரிகேஷன் பட்டறை

அங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2 அங்குல ரேக் என்றால் அதன் செருகு கம்பம் பெயரளவில் 50.8 மி.மீ. உங்கள் பைப்பின் உள்ளளவு 50, போதாததற்கு உள்ளே வெல்டிங் தையல் ஒரு கோடாக ஓடும். கம்பம் வாயிலேயே நின்றுவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் மறுபடி வெளியே வராது. கிரைண்டரால் உள்ளே தேய்த்தால் ஓரிடம் மெலிந்து ஓரிடம் மேடாக நிற்கும்.

60×60×4 எடுங்கள், உள்ளளவு 52. முதலில் ரேக்கின் கம்பத்தை வெர்னியரில் நான்கு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். தையலை மட்டும் நீள அரத்தால் மட்டமாக்குங்கள். கம்பத்தை ரிசீவரோடு பூட்டுகிற குறுக்கு ஊசிக்கு 'பின்' என்று பெயர்; அதன் துளை 2 அங்குல ரேக்குக்கு 5/8 அங்குலம், ஏறக்குறைய 16 மி.மீ. ஒன்றேகால் அங்குல ரேக்குக்கு அரை அங்குலம். துளை வாயிலிருந்து எவ்வளவு உள்ளே என்பதைக் கையில் இருக்கிற ரேக்கை வைத்தே குறியுங்கள். துளையைக் காஸில் வெட்டாதீர்கள், டிரில்லில் போடுங்கள். வெட்டிய துளை முட்டை வடிவத்தில் நிற்கும், பின் அதற்குள் தாளம் போடும்.

வெல்டிங்குக்கு 7018 ராடு, ஈரம் இறங்க நன்றாகச் சூடுகாட்டிய பிறகு. குழாயைச் சுற்றி முழுத் தையல், இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு. வண்டியில் ஏற்றியதும் ஒரு கழிவுப் பைப்பை ரிசீவரில் செருகி, 60 செ.மீ. வெளியே நீட்டி, நுனியில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை இரண்டைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். பிளேட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே முன்பு போகாத ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இப்போது போனால் அந்த வேலை சரியில்லை, கழற்றி மறுபடி செய்ய வேண்டும்.

பெரம்பூர்

உள்ளளவு 52, கம்பம் 50.8 என்றால் ஆடாதா?

வியாசர்பாடி, ஃபேப்ரிகேஷன் பட்டறை

ஆடும். கம்பம் 20 செ.மீ. உள்ளே இருக்கிறது, ரேக்கின் நுனி 90 செ.மீ. வெளியே. வாயில் இருக்கிற 1.2 மி.மீ. இடைவெளி நுனியில் 5 மி.மீ.க்கு மேல் ஆட்டமாகத் தெரியும். மரை உள்ள பூட்டுப் பின் என்றால் அது கம்பத்துக்குள் இருக்கிற நட்டில் ஏறி, கம்பத்தை ரிசீவரின் ஒரு சுவரோடு இழுத்து அணைக்கும். அந்த வசதி ரேக்கிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வெளியே கவ்வும் யூ-போல்ட் பிடி போடலாம். காகிதமோ ரப்பரோ திணித்தால் ஒரு பயணம்கூடத் தாங்காது.

மாதவரம், கார் மெக்கானிக்

மாட்டும்போது பம்பர் இறக்க வேண்டியிருக்கும். டெயில் லைட், சக்கர வளைவில் இருக்கிற ஸ்க்ரூ, அடிப்பக்க கிளிப், கடைசியாக சென்சார் சாக்கெட். கிளிப் நாலைந்து உடையும், புதியதை முன்பே வாங்கி வையுங்கள். எம்12 8.8 போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரென்ச்சால் இறுக்கி, பெயின்ட் மார்க்கரால் நட்டிலும் பிளேட்டிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் குனிந்து பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் வாஷரை நம்பாதீர்கள், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தளராத நட்) போடுங்கள்.

ரிசீவரின் குறுக்குச் சட்டம் ஸ்டெப்னியின் பாதையில் வருகிறதா என்பது உங்கள் வண்டிக்கு முக்கியமான கேள்வி. மாட்டி முடித்ததும் ஸ்டெப்னியை முழுக்கக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். பஞ்சராகி நடுரோட்டில் நிற்கும்போது இது தெரியக் கூடாது. சைலன்சர் வாயும் பாருங்கள். டயர் அதற்கு நேரே வந்தால் ரப்பர் வெந்துவிடும். ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும்.

எடைக் கணக்கு ஒன்று. ரேக் 20, சைக்கிள் 15, 17, மொத்தம் 52 கிலோ. அந்தச் சுமை பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் நிற்கிறது, இரண்டு அச்சுக்கும் நடுவே 2.7 மீட்டர். பின் சக்கரங்களில் ஏறுவது 52 அல்ல, ஏறக்குறைய 79 கிலோ. மீதி 27 கிலோ முன் சக்கரங்களிலிருந்து வருகிறது. சிஎன்ஜி சிலிண்டர் ஏற்கெனவே பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதோடு மூன்றாவது வரிசையில் ஆள் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சைக்கிள் ஏற்றுகிற நாளில் மூன்றாவது வரிசை காலியாக இருக்கட்டும். பின் டயரில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையின் முழுச்சுமைக் காற்று.

எண்ணூர்

துருவைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் பக்கத்தில் ரேக்கைக் கொல்வது அதுதான். கடல் காற்று போதாதென்று, காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிகள் ரோடெல்லாம் உப்புத் தண்ணீர் வடித்துக்கொண்டே போகும். முன்னால் போகிற மீன் வண்டியின் தண்ணீர் நம் பின்சக்கரம் வழியாக நேரே ரிசீவரில் தெறிக்கிறது. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்த ரிசீவரைப் பாருங்கள்: முதலில் பூட்டுப் பின்னின் துளையைச் சுற்றி ஆரஞ்சு வளையம், பிறகு வாயின் கீழ் உதட்டில் கொப்புளம். நகத்தால் கீறினால் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வரும், அடியில் ஈரத் துரு.

முடிந்தால் ஹாட் டிப் கால்வனைசிங் கொடுங்கள். குறுக்குச் சட்டத்தின் இரண்டு கோடியும் மூடியிருந்தால் காற்றுப்போக்குத் துளை போடாமல் கொடுக்கக் கூடாது, உருகிய துத்தநாகத்தில் முக்கும்போது வெடிக்கும். உள்ளே துத்தநாகம் கட்டிகட்டியாக நிற்கும், அரத்தால் எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்த்து, சிங்க் பிரைமர் இரண்டு கோட், மேலே எபாக்ஸி. குழாயின் கீழ்ச்சுவரில் 8 மி.மீ. வடிகால் துளை ஒன்று.

துருவுக்குப் பயந்து சேஸிஸ் போல்ட்டை ஸ்டெயின்லெஸ் ஆக்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஏ2-70 போல்ட் 8.8-ஐவிட பலம் குறைந்தது. ஜிங்க் பூசிய 8.8 போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள்.

பின்னையும் கம்பத்தையும் மாதம் ஒரு முறை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, மெரைன் கிரீஸ் பூசுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டாயம். மழைக்காலம் முழுக்கச் செருகியே விட்ட கம்பம் இறுகிவிடும், வண்டியை மரத்தில் கட்டி இழுத்தாலும் வராது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, பக்கவாட்டில் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் நிற்கிற இடத்தில் இறங்கி ஏறினால் அன்றே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ராயபுரம்

நம்பர் பிளேட், லைட். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டி என்றால் உயர்பாதுகாப்புப் பிளேட்தான், ஸ்டிக்கர் கடையில் இன்னொன்று எழுதி ரேக்கில் மாட்டுவது செல்லாது. அதனால் சைக்கிளை ஏற்றிப் பத்தடி பின்னால் நின்று பாருங்கள். பிளேட்டின் ஏதாவது ஓர் எழுத்து மறைந்தாலும் டிரேயை மேலேயோ கீழேயோ மாற்றுங்கள். சைக்கிள் இல்லாதபோது ரேக்கை மடித்து நிறுத்தினால் அதுவே பிளேட்டை மறைக்கும், கழற்றி வீட்டில் வையுங்கள். ரிசீவர் வாயும் பம்பரோடு மட்டமாக முடியட்டும். 2017 டிசம்பரில் க்ராஷ் கார்டு, புல் பார்களுக்கு எதிராக மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் இரும்பைப் போலீஸ் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது.

டெயில் லைட் மறைந்தால் ரேக்கின் பின்னால் மாட்டும் விளக்குப் பலகை, அதாவது லைட் போர்டு வேண்டும். டெயில் லைட் வயரைச் சீவி நேரே இணைக்காதீர்கள், புதிய வண்டிகளில் டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும். டிரெய்லர் மாட்யூல் (வண்டியின் லைட் சிக்னலை மட்டும் வாங்கி லைட் போர்டை எரிய வைக்கும் பெட்டி) போட்டு, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு மின்சாரம் எடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் வருவது கன்டெய்னர் லாரி. அவர் உயரத்துக்கு நம் பிரேக் லைட் தெரியாவிட்டால் நிற்க நேரமே இருக்காது.

ரிவர்ஸ் சென்சார் ரேக்கைப் பார்த்துக் கத்தும், அதை அணைத்துவிட்டு ஒரு ஆளை இறக்கிப் பின்னால் எடுங்கள். ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டும்போது முன்சக்கரத்தை நினைத்து ஓட்டாதீர்கள். பின்சக்கரம் மேட்டிலிருந்து இறங்குகிற நொடியில்தான் டிரே தரையைத் தொடும். அடிக்கடி தொட்டால் ரேக்கின் கம்பம் மேல்நோக்கி வளைந்த வகையாக இருக்க வேண்டும். கம்பத்தை நீட்டும் துண்டு வேண்டாம், அதைப் போட்டால் ரேக்கின் தாங்குதிறன் பாதியாகும்.

கொளத்தூர்

ஸ்டெப்னியை இறக்கி அளந்தேன். சக்கரத்தின் பின் விளிம்புக்கும் பம்பர் உள்பாருக்கும் நடுவே 9 செ.மீ. இருக்கிறது. 60 சதுரப் பைப்பைக் குறுக்குச் சட்டமாகவே போடலாமா?

வியாசர்பாடி, ஃபேப்ரிகேஷன் பட்டறை

போடலாம், 3 செ.மீ. மிஞ்சும். ஆனால் ஸ்டெப்னி நேர்க்கீழே இறங்காது, கம்பியில் சாய்ந்துதான் இறங்கும். பின் விளிம்பு முதலில் இறங்குகிறதா, முன் விளிம்பா என்று பாருங்கள். பின் விளிம்பு என்றால் சட்டத்தை 2 செ.மீ. மேலே தூக்கிப் பக்கப் பிளேட்டில் பற்றவைக்க வேண்டும். ரேக்கை வாங்கியதும் கம்பத்தின் நான்கு அளவையும் எழுதிக் கொண்டுவாருங்கள், பைப் அதற்குப் பிறகு வெட்டுவோம்.

திருவொற்றியூர், சைக்கிள்காரர்

பெடலுக்கு ஒன்று: பழைய டியூபை ஒரு முழம் வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள், அடுத்த சைக்கிளின் ஸ்போக்கை உரசாது. பட்டையின் மிச்ச நுனியையும் சுருட்டிச் சொருகுங்கள், காற்றில் அடித்து அடித்து பெயின்டைத் தேய்த்துவிடும். புறப்படும் முன் வெளிச்சைக்கிளின் சீட்டைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். ரேக் தனியாக ஆடக் கூடாது, வண்டியே சேர்ந்து ஆட வேண்டும்.