ஐந்து வாரத்தில் வாத்தியார் ஆகிவிடலாமா?

கணக்குவாத்தி: நேற்று வேறொரு திரியில் ஊர்க்குருவி, 'டீச் ஃபார் அமெரிக்கா (ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இளம் பட்டதாரிகளை இரண்டு வருஷம் ஆசிரியராக அனுப்பும் அமெரிக்க அமைப்பு) அனுப்பும் பட்டதாரிகள், முறையாகப் பயின்ற ஆசிரியர்களை ஊதித் தள்ளிவிட்டார்கள்' என்று எழுதிவிட்டுப் பறந்துவிட்டார். அந்த ஆய்வுக் காலத்தில் அவர்களுக்குக் கொடுத்தது ஐந்து வாரக் கோடைப் பயிற்சி. ஐந்து வாரம்! எங்கள் தெரு டெய்லர் காஜா எடுக்கவே ஆறு மாதம் பழக்குகிறார்.

ஊர்க்குருவி: நான் சொல்லவில்லை சார், 2004-இல் மேத்தமேட்டிகா என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் சொன்னது. 17 பள்ளிகள், 100 வகுப்புகள். குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்தார்கள். டீச் ஃபார் அமெரிக்கா ஆட்களிடம் படித்தவர்கள் கணக்கில் ஒரு மாதப் பாடம் அளவுக்கு முந்தினார்கள்.

கணக்குவாத்தி: வாசிப்பில்? அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? வித்தியாசமே இல்லை. கணக்கிலும் 14-ஆவது சதமானத்திலிருந்து 17-க்கு. நூறு பேர் வரிசையில் மூன்று இடம் நகர்ந்ததற்கு மேளதாளமா?

நியூஜெர்சி மாமா: அந்த ஆய்வில் ஒப்பிட்ட மற்ற வகுப்புகளை எடுத்தவர்களிலேயே ஆசிரியர் சான்றிதழ் இல்லாதவர்கள் நிறைய. 2005-இல் கல்வி ஆய்வாளர் லிண்டா டார்லிங்-ஹாமண்ட் குழு ஹூஸ்டன் நகரப் பள்ளிகளின் தரவைப் பார்த்தபோது, சான்றிதழ் பெற்றவர்களின் பிள்ளைகள்தான் மேலே.

கணக்குவாத்தி: அதைத்தான் நானும் கத்துகிறேன். ஐந்து வாரம்!

ஊர்க்குருவி: அதே மேத்தமேட்டிகாவின் 2013 ஆய்வையும் படியுங்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புக் கணக்கில் இரண்டரை மாதப் பாடம் முந்தினார்கள். ஐந்து வாரமோ ஐம்பது வாரமோ, பிள்ளை மார்க்தானே பேசணும்?

கணக்குவாத்தி: அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் பையன் 2/5 என்று எழுதுவான். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறான். 'அரையை விடக் குறைவா வருமாடா?' என்று கேட்டு, தோசையைப் பிய்த்துக் காட்டணும் என்று எனக்குப் புரியவே நாலு வருஷம் ஆச்சு. உங்கள் ஆள் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்.

ஊர்க்குருவி: தோசைக்கு நாலு வருஷமா? அது உங்கள் வேகம் சார், ஊர் மேல் பழி போடாதீர்கள்.

பென்சில்முனை: சதமானமும் சதவீதமும் ஒன்று என்று போன மாதம் இங்கே சாதித்தவர்தானே இந்த ஊர்க்குருவி?

ஊர்க்குருவி: நீங்கள் தபாலில் பி.எட். வாங்கியவர், சும்மா இருங்கள்.

பென்சில்முனை: தபாலா? ரெகுலர் காலேஜ். ஹால் டிக்கெட் இன்னும் இருக்கிறது, போட்டோ போடவா?

நியூஜெர்சி மாமா: வாத்தியார் காலத்தில் பி.எட். ஒரே வருஷம்தானே? 2015-இல்தான் இரண்டாக்கினார்கள்.

கணக்குவாத்தி: ஒரு வருஷத்துக்கு 52 வாரம் மாமா. ஐந்து இல்லை. கழித்துக் காட்டட்டுமா?