ரிமோட் விமானத்துல 2200 கேவி மோட்டார் மாட்டினதும் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) கட் ஆகுது, உதவுங்க

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட 120 செ.மீ. இறக்கை, 850 கிராம் எடையில ஒரு தெர்மோகோல் ட்ரெய்னர் (பழகுறதுக்கான ரிமோட் விமானம்) இருக்கு. 2212 அளவு மோட்டார் 1000 கேவி, 10x4.5 ப்ராப் (10 இன்ச் விசிறி, 4.5 இன்ச் பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு முன்னேறுற தூரம்), 30 ஆம்ப் இஎஸ்சி, 3 செல் லிப்போ பேட்டரி. ஒரு வருஷமா அருமையா பறந்துச்சு. ஆடிக் காத்துல மட்டும் எதிர்த்துப் போக மாட்டாம அந்தரத்துலயே நிக்குது. அதனால 2212-லயே 2200 கேவி வாங்கி, பழைய ப்ராப்பையே மாட்டினேன். முழு த்ராட்டில்ல பத்து செகண்ட் கூட ஆகலை, நின்னுடுச்சு. இறக்கித் தொட்டா மோட்டார்ல விரல் வைக்க முடியலை. ஹாட் க்ளூ இளகி மோட்டார் பலகையே ஆடுது. 60 ஆம்ப் இஎஸ்சி போட்டா சரியாகுமா?

பதில் 1:
தம்பி, அதே ப்ராப்போட திரும்ப ஓட்டிடாதீங்க. கேவிங்கிறது பலம் இல்ல, ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துல எத்தனை சுத்துங்கிற கணக்கு. 11.1 வோல்ட்ல பழைய மோட்டார் சுமையில்லாம 11,100 சுத்தும், புதுசு 24,420. ப்ராப்போட வேகம் ரெண்டு மடங்கானா அதுக்கு எட்டு மடங்கு பவர் வேணும். அவ்வளவு கரண்டை இழுக்கப் போய்த்தான் இஎஸ்சி சூடாகித் தன்னையே நிறுத்திக்குது. 60 ஆம்ப் போட்டா இஎஸ்சி தப்பிச்சுக்கும், மோட்டார் சுருள் கருகிடும்.

இந்த மோட்டாருக்கு 6x4 தான் சரி. ஆனா மெதுவா பறக்கிற பெரிய ட்ரெய்னருக்கு அந்தச் சின்ன ப்ராப் ஒத்து வராது, கையால விடும்போதே தடுமாறும். 1400 கேவி, 8x4 போடுங்க. பழைய 4.5 பிட்ச் 8,000 சுத்துல மணிக்கு 55 கி.மீ. தான் தரும், இந்த 4 பிட்ச் 11,000 சுத்துல 67 கி.மீ. காத்தை எதிர்க்க உங்களுக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

பதில் 2:
பலகையை எபாக்ஸி வச்சு ஒட்டுங்க. சாதாரண சயனோ பசை வேண்டாம், தெர்மோகோலைத் தின்னுடும். பறக்க விடறதுக்கு முன்னாடி வாட்மீட்டர் வச்சுப் பாருங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா. 1400 கேவி போட்டாச்சு. மீட்டர்ல 17 ஆம்ப் காட்டுது, இறக்கினப்போ மோட்டார் வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. நேத்து சாயங்காலம் ஏரிக்கரைக் காத்தை எதிர்த்து நேரா போச்சு, பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! த்ராட்டில் ஏத்தினா மட்டும் மூக்கைத் தூக்குது. சிஜி (எடை சமநிலைப் புள்ளி) பழைய இடத்துலதான் இருக்கு.

பதில் 1:
டவுன் த்ரஸ்ட் (மோட்டார் முன்பக்கம் கீழ் நோக்கிச் சாயுற கோணம்) பத்தலை. மோட்டாரோட மேல் ஸ்க்ரூ ரெண்டுக்கும் பின்னாடி ஆளுக்கொரு வாஷர் வச்சு முடுக்குங்க. அப்பவும் தூக்கினா இன்னொன்னு.