ஜெர்மனியில தன்னார்வத் தொண்டு: குடும்பத்தோட தங்கறதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சிருக்கோணும்?

பெருந்துறை_பொண்ணு

வணக்கமுங்க. வர்ற செப்டம்பர்ல இருந்து ஒரு வருஷம் ஜெர்மனியில முதியோர் இல்லத்துல தன்னார்வத் தொண்டு. தங்கறது ஒரு குடும்பத்தோட வீட்ல. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போற பசங்க ரெண்டு பேரு. விசா, காப்பீடெல்லாம் அனுப்பற அமைப்பு பாத்துக்குது. வீட்டுக்குள்ள நடந்துக்கறதைப் பத்தித்தான் எனக்குத் தெரியோணும்.

போனதும் வீட்டுக்காரங்ககிட்ட என்னென்ன கேட்டு வாங்கோணும்? சமைக்கலாமா, குக்கர், மிக்ஸி கொண்டு போலாமா? ஊத்துக்குளி நெய்யும் கருவேப்பிலையும் கட்டித் தர்றேன்னு அம்மா நிக்கறாங்க. குளியலறை எப்படி இருக்கும்? அவங்களை எப்படிக் கூப்பிடறது? விவரமாச் சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

நொய்யல்_கரை

தங்கச்சி, முதல் நாளே தபால்பெட்டியில உங்க பேரை ஒட்டச் சொல்லுங்க. அங்க தபால்காரர் பெட்டியில இருக்கற பேரைப் பாத்துத்தான் போடுவாரு. பேரில்லைன்னா கடிதம் அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிரும். வரி எண், வங்கி அட்டை, அதோட ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபால்லதான் வருது. பாஸ்போர்ட்ல இருக்கற அதே பேர், அதே வரிசை. நம்ம பக்கம் இனிஷியலை ஒரு இடத்துல முன்னாடி, ஒரு இடத்துல பின்னாடி, இன்னொரு இடத்துல அப்பா பேரா விரிச்சுன்னு எழுதிப் பழகிட்டோம். அங்க வங்கியில ஒண்ணு, காப்பீட்டுல ஒண்ணுன்னு ஆச்சுன்னா ரெண்டையும் ஒரே ஆளுன்னு நிரூபிக்கறதே வேலையாயிரும்.

அடுத்தது குடியிருப்புப் பதிவு, 'ஆன்மெல்டுங்'னு பேரு. குடிவந்து ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்துல பண்ணோணும். இதுக்கு வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்ட ஒரு பக்கப் படிவம் கட்டாயம் ('வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்'). பெரிய ஊர்கள்ல முன்பதிவு கிடைக்கறது கஷ்டம். அதனால நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே தேதி எடுத்து வெச்சிருங்கன்னு அவங்களுக்கு எழுதிப் போடுங்க.

பதிவு முடிஞ்ச கொஞ்ச நாள்ல வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாசம் 18.36 யூரோ கட்டச் சொல்லிக் கடிதம் வரும். பயந்து கட்டீராதீங்க, குப்பையிலயும் போட்டுறாதீங்க. அது ஆளுக்கில்லை, வீட்டுக்கு. அவங்க ஏற்கெனவே கட்டறாங்கன்னா அவங்களோட கட்டண எண்ணை வாங்கி எழுதி அனுப்பினாப் போதும்.

இன்னொண்ணு. நீங்க 'ஓ பேர்' இல்லை. ஓ பேர்னா குழந்தைகளைப் பாத்துக்கறதுதான் வேலை. உங்க வேலை முதியோர் இல்லத்துல. வீட்ல உங்க பங்கு, சாப்பிட்ட தட்டைப் பாத்திரம் கழுவற இயந்திரத்துல அடுக்கறது, முறை வர்றப்ப குப்பை எடுத்து வெக்கறது, உங்க அறையைச் சுத்தமா வெக்கறது. பசங்களை ஒருநாள் பாத்துக்கறது ஒத்தாசை. வாராவாரம் அதையே கேட்டாங்கன்னா அமைப்போட ஒருங்கிணைப்பாளர்கிட்ட தயங்காமச் சொல்லுங்க.

மஞ்சக்காடு

கண்ணு, நெய்யை விட்டுட்டுப் போ. பால் பொருளும் கறியும் வெளியிலிருந்து வர்றவங்க பெட்டியில ஐரோப்பாவுக்குள்ள விடமாட்டாங்க. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் எடுத்துப் போட்டுருவாங்க. பச்சைக் கருவேப்பிலையும் ஆகாது. 2019 டிசம்பர்ல இருந்து பச்சைக் காய், இலை எதுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேக்கறாங்க. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் அஞ்சுக்குத்தான் விலக்கு. கருவேப்பிலையை நல்லாக் காயவெச்சு பொடியாக்கிக்கோ. வெண்ணெய் அங்க கடையில உப்பில்லாமக் கிடைக்குது, வாங்கி நீயே உருக்கிக்கலாம்.

குக்கர் அலுமினியம்னா இன்டக்ஷன் அடுப்புல சூடே ஆகாது. அடியில காந்தம் ஒட்டுதான்னு பாரு. ஒட்டுற எவர்சில்வர், தட்டை அடி, 5 லிட்டர் எடு. அடி உருண்டிருந்தா மின்சாரத்துல சூடாகற கண்ணாடி அடுப்புலயும் சரியாச் சூடேறாது. நம்ம குக்கரோட ரப்பர் அங்க லேசுல கிடைக்காது, ரெண்டு உபரியா எடுத்து வெச்சுக்கோ. விசில் வரும்னு முன்கூட்டியே சொல்லிடு, கேட்டதில்லாதவங்களுக்கு தூக்கிவாரிப் போடும். மிக்ஸிக்கு மின்சாரம் ஒண்ணுதான், அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் சேராது. எர்த் இருக்கற மாத்துப் பிளக்கா வாங்கு, ரெண்டு முள்ளு மட்டும் இருக்கறது மிக்ஸிக்கு வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் சத்தம் கூடாத நேரம், ஞாயித்துக்கிழமை முழுசுமே அப்படித்தான்.

தாளிப்புதான் சிக்கல். பெருங்காயம், மிளகாய்ப் புகை நடையில தொங்கற கோட்டுகள்ல பிடிச்சு நாலு நாளைக்குப் போகாது. நடையிலயும் படுக்கையறையிலயும் புகை எச்சரிக்கைக் கருவி வேற இருக்கும், கத்த ஆரம்பிச்சிரும். சமையலறைக் கதவைச் சாத்து, ஜன்னலை முழுசாத் திற, அப்புறம் எண்ணெய் வை. சட்டி மூடியைக் கையிலயே வெச்சிரு. ஈரோட்டு மஞ்சள் வெள்ளை மேடையிலயும், ஓரத்து சிலிக்கான்லயும், பிளாஸ்டிக் கரண்டியிலயும் ஒட்டுச்சுன்னா லேசுல போகாது. சிந்தினதும் சோப்புத் தண்ணியில துடை. மிச்சக் கறை வெயில் பட்டா மங்கும். துடைக்கற துணி உன்னோடதையே தனியா வெச்சுக்கோ, அவங்க பாத்திரத் துணியைத் தொடாதே.

முதல்ல சமைச்சுக் கொடுக்க அரிசிம்பருப்புதான் தோது. அஞ்சு பேருக்கு அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு முக்கா டம்ளருக்குக் கொஞ்சம் குறைச்சல், தண்ணி 8 டம்ளர், 3 விசில். நம்ம சின்ன வெங்காயம் இருபதுக்கு அங்க கிடைக்கற 'ஷலோட்' ஆறு போதும். வரமிளகாய் ஒண்ணு மட்டும், கிள்ளாம முழுசாப் போட்டு, பரிமாறும்போது எடுத்துடு.

பவானி_ஆத்தோரம்

குளியலறைக்கு வர்றேன். பெரும்பாலான வீடுகள்ல தரையில தண்ணி போற ஓட்டையே இருக்காது. குளிக்கற கண்ணாடித் தடுப்புக்கு வெளியில தண்ணி விட்டா கீழ் வீட்டு உட்கூரை நனையும். பக்கெட், சொம்புக் குளியல் தொட்டிக்குள்ள நின்னு மட்டும். குளிச்சதும் கண்ணாடியை ரப்பர் துடைப்பால வழிச்சு விடோணும், இல்லைன்னா சுண்ணாம்புக் கறை ஏறும். கழிப்பறையில கழுவறதுக்கு ஒரு சின்ன பாட்டில் வெச்சுக்குங்க, தரையில சொட்டாமப் பாத்துக்குங்க.

எண்ணெய் தேச்சுக் குளிக்கறவங்க கவனிங்க. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிரும், குழாய்க்குள்ளயும் அப்படித்தான். சீயக்காத் திப்பியோட சேந்தா அடைப்புத்தான். முதல்ல காகிதத்துல எண்ணெயைத் துடைச்சு எடுத்துட்டு அப்புறம் குளிங்க. டப்பா வாயகன்றதா இருக்கட்டும், குறுகின வாயா இருந்தா எண்ணெய் வெளிய வராது.

குளிர்காலத்துல ஜன்னலைத் திறக்காம இருந்தா சுவத்துல பூஞ்சணம் பிடிக்கும். சமைக்கறது, குளிக்கறது, அறையில துணி காயப்போடறது எல்லாம் ஈரம். நாளைக்கு மூணு தடவை ஹீட்டரைக் குறைச்சு வெச்சுட்டு, ஜன்னலை முழுசா 5 நிமிஷம் திறந்து மூடுங்க. லேசாச் சாச்சு நாளெல்லாம் விட்டா சுவர்தான் சில்லிடும். ஹீட்டர் திருகுல 3ன்னு இருக்கறது ஏறக்குறைய 20 டிகிரி. சீக்கிரம் சூடாகட்டும்னு 5ல வெக்காதீங்க, அது வேகத்தைக் கூட்டாது.

ஞாயித்துக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே வாங்கிடுங்க.

பெருந்துறை_பொண்ணு

ரொம்ப நன்றிங்க. அம்மாகிட்ட நெய் விஷயத்தைக் காட்டிட்டேன். எப்படிக் கூப்பிடறது, சாப்பாட்டுல எப்படி நடந்துக்கறதுன்னும் யாராவது சொல்லுங்க. நான் முட்டையும் சாப்பிடமாட்டேன்.

கொடுமுடி_வாத்தியார்

நம்ம வீட்ல விருந்தாளி முதல்ல "வேண்டாமுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. நாமளும் விடாம மூணு தடவை கேட்டுப் போடுவோம். அங்க ஒரே தடவைதான் கேப்பாங்க. வேண்டாம்னா சட்டியை நகத்திருவாங்க, அதுதான் அவங்க மரியாதை. பசிச்சா முதல் தடவையே வேணும்னு சொல்லோணும். பல வீடுகள்ல ராத்திரிக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெட்டின காய் மட்டும்தான். சூடான சாப்பாடு மத்தியானம். சோறில்லாம முடியலைன்னா, வாரத்துல ரெண்டு நாள் நான் சமைக்கட்டுமான்னு முதல் வாரத்துலயே கேளுங்க.

சைவம்னு மட்டும் சொன்னா முட்டை வரும். முட்டையும் கூடாதுன்னு தனியாச் சொல்லுங்க. ஜவ்வு மிட்டாயில ஜெலட்டின் இருக்கும், சில பாலாடைக்கட்டியில கன்றுக்குட்டி வயித்து நொதி சேரும். அமாவாசை, புரட்டாசிச் சனி விரதமிருந்தா தேதியை முன்னாடியே எழுதிக் கொடுங்க.

கூப்பிடறதுக்கு அவங்களே "பேர் சொல்லு"ம்பாங்க, பெரும்பாலும் முதல் நாளே. நம்ம 'ங்க'வுக்கு அங்க இடமில்லாம வாய் கூசும். இருந்தாலும் பேரையே சொல்லுங்க. ஆன்ட்டின்னு கூப்பிட்டா ஒதுக்கி வெக்கற மாதிரி அவங்களுக்குப் படலாம். சாப்பாடு 6:30ன்னா 6:30தான், பத்து நிமிஷம் தாமதம்னாலும் செய்தி அனுப்புங்க. கதவைச் சாத்திட்டு அறையில இருக்கறது அங்க கோபமில்லை. வீட்டுக்கு போன் பேசறதுன்னா கதவைச் சாத்திட்டே பேசுங்க. கோடையில மூணரை மணி நேரம், குளிர்காலத்துல நாலரை மணி நேரம் நம்ம ஊர் முந்தி. அக்டோபர் கடைசி ஞாயிறுல மாறும், அம்மாகிட்ட இப்பவே சொல்லி வையுங்க.

பெருந்துறை_பொண்ணு

கடைசியா ஒண்ணு, அவங்களுக்கு என்ன கொண்டு போறது?

பவானி_ஆத்தோரம்

பவானி ஜமக்காளம், சின்ன அளவு. எடையும் பெருசா இருக்காது, சுருட்டிப் பெட்டி ஓரத்துல வெக்கலாம். முதல் ரெண்டு தடவை தனியாக் குளிர் தண்ணியில அலசோணும், சாயம் இறங்கும்னு சொல்லியே கொடுங்க. இல்லைன்னா அவங்க 60 டிகிரியில வெள்ளைத் துணியோட போட்டுருவாங்க.