2001 டொயோட்டா டகோமா பிக்கப் டிரக் (ஆட்டோமேட்டிக்), கேம்பர் இழுக்கணும், முன்னாடி என்ன பாக்கணும்?

ஃப்ரீமான்ட்_மதுரைக்காரன்:
வணக்கம் மக்களே. பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறிப் போறப்ப அவரோட 2001 டகோமாவை வாங்கிட்டேன். 3.4 வி6, நாலு கியர் ஆட்டோமேட்டிக், 4x4, 1,68,000 மைல். கூடவே பின்னாடி இழுத்துட்டுப் போற ஒரு மடக்குக் கேம்பரும் (சக்கரம் வச்ச கூடாரம் மாதிரி) வந்துச்சு, சாமானோட 3,000 பவுண்டு வரும். ஜூலைல டானர் பாஸ் மலைக் கணவாய் ஏறி தாஹோ ஏரிக்குப் போகணும். டிரக் இழுக்கற வரம்பு 5,000 பவுண்டு, அப்போ கவலையில்லைதானே? டிரக்கோட பின்பக்கம் கொஞ்சம் உக்காந்திருக்கு, தூக்கிவிட ஸ்பிரிங்குக்குத் துணையா காத்தடிக்கிற ஏர் பேக் ஆர்டர் போட்டுட்டேன். கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்தினாங்கன்னே தெரியல, மெஷின் வச்சு ஃப்ளஷ் பண்ணிடவா? மலை ஏறும்போது 4x4 போடணுமா?

பழைய_இரும்பு:
அவசரப்படாதீங்க தம்பி. 10 மைல் ஓட்டிட்டு வந்து, எஞ்சின் ஓடிட்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பாக்குற கம்பி) எடுத்து வெள்ளை டிஷ்யூல ஒரு சொட்டு விடுங்க. நிறம், வாடை ரெண்டையும் சொல்லுங்க.

ஃப்ரீமான்ட்_மதுரைக்காரன்:
டிகாஷன் கலர் அண்ணா. லேசா தீஞ்ச வாடை. கறுப்புப் பொடி எதுவும் இல்ல. ரேடியேட்டர் மேல்டேங்க் பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடக்கு.

பழைய_இரும்பு:
பொடி இல்லைன்னா பொழச்சுது. ஃப்ளஷ் வேண்டாம். அடித்தட்டைக் கழட்டி வடிச்சு, வடிஞ்ச அளவுக்கே டெக்ஸ்ரான் 3 வகை ஆயில் ஊத்துங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி. மூணு தரம் செஞ்சா பெரும்பகுதி புதுசாயிடும்.

ஆனா எனக்குப் பயம் அந்த ரேடியேட்டர்தான். கியர்பாக்ஸ் ஆயில் குளிர்றது அதோட கீழ்டேங்க்குக்குள்ள. உள்ள விரிசல் விட்டா கூலன்ட் ஆயில்ல கலந்து ரோஸ் மில்க் ஆயிடும், அப்புறம் கியர்பாக்ஸுக்குக் காரியம்தான். புதுசு மாத்துங்க. அதுக்கப்புறம் வரிசையா ஒரு தனி கூலர்: ஆயில் ரேடியேட்டர்ல இருந்து கூலருக்கு, அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு.

மேட்டுல ஓவர்டிரைவை (நாலாவது கியர்) ஆஃப் பண்ணுங்க. மூணுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தாவினா டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயிலால இணைக்கிற பாகம்) லாக் விட்டு விட்டு வழுக்கும், சூடு அங்கதான் பிறக்குது. 4x4 காஞ்ச ரோட்டுல கூடவே கூடாது. உங்களுது நடு டிஃபரன்ஷியல் (முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற அமைப்பு) இல்லாத ரகம், திரும்பும்போது இறுக்கும். சரளைக்கல் மேட்டுல கேம்பரை ரிவர்ஸ் தள்ளும்போது மட்டும் 4லோ (4x4ஓட மெதுவான கியர்) போடுங்க, கியர்பாக்ஸ் நிம்மதியா இருக்கும்.

சாக்ரமென்டோ_அக்கா:
இழுக்கறதைப் பத்தியே பேசுறீங்களே, நிறுத்தறது? கலிஃபோர்னியால 1,500 பவுண்டுக்கு மேல கேம்பருக்கு பிரேக் கட்டாயம். டிரக்குல பிரேக் கன்ட்ரோலர் (டிரக்குல இருந்தே கேம்பர் பிரேக்கை இயக்குற கருவி) இருக்கா? எந்த டிரெய்லருக்கும் வேக வரம்பு 55 மைல்தான்.

அந்த ஏர் பேக்கைத் திருப்பி அனுப்பிடுங்க தம்பி. பின் ஆக்ஸில் மேல ஒரு கம்பி வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு உக்காந்திருக்குன்னு பாத்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். காத்தடிச்சுத் தூக்கினா வண்டி காலின்னு நெனச்சு அழுத்தத்தைக் குறைச்சிடும். ஓஞ்ச லீஃப் ஸ்பிரிங்கை மாத்துங்க, அதுதான் வைத்தியம். டிரக் கொக்கில விழற எடை கேம்பரோட மொத்தத்துல 10-15 சதவீதம் இருக்கணும், உங்களுக்கு 300-450 பவுண்டு. டயர் பக்கவாட்டுல இருக்கற DOT எண்ணோட கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்க. தயாரிச்ச வாரமும் வருஷமும். பட்டன் தேயாம இருக்கேன்னு நம்பி ஏமாறாதீங்க, நின்னே கெட்ட டயர்தான் கேம்பர்ல நிறைய.

ஃப்ரீமான்ட்_மதுரைக்காரன்:
அப்டேட். கேம்பர் டயர்ல 1109! பதினொண்ணாவது வாரம், 2009. ரெண்டும் மாத்தியாச்சு. ரேடியேட்டர், கூலர், லீஃப் ஸ்பிரிங், கன்ட்ரோலர் எல்லாம் போட்டாச்சு, ஏர் பேக் திரும்பிப் போயிடுச்சு (வீட்டுல திட்டு தனி). லாரி நிறுத்தத்துல எடை போட்டேன்: கேம்பர் 2,960, கொக்கில 340. ஆபர்ன் மேடு வரைக்கும் வெள்ளோட்டம், ஓவர்டிரைவ் ஆஃப், கியர்பாக்ஸ் ஆயில் 205 ஃபாரன்ஹீட்டைத் தாண்டல.

ஒண்ணே ஒண்ணு: பிரேக் மிதிச்சா கேம்பரோட இடது இண்டிகேட்டரும் மங்கலா எரியுது.

பழைய_இரும்பு:
எர்த் வயர் சரியா ஒட்டல. வெள்ளை வயர் போல்ட்டைக் கழட்டி, அடியில பெயின்ட்டைச் சுரண்டிட்டு இறுக்குங்க.

ஃப்ரீமான்ட்_மதுரைக்காரன்:
சுரண்டினேன், சரியாயிடுச்சு. பெயின்ட்டுக்கு மேலயே போல்ட் போட்டிருக்காங்க அண்ணா.