யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றியதும் பூட் ஆகாமல் நின்ற லினக்ஸ்: உங்கள் அனுபவங்கள்

அச்சகத்துப் பையன்:
மாமாவின் அச்சகத்தில் உபுண்டு ஓடும் பழைய பெட்டி ஒன்று. பேக்கப் எடுக்கும் யூஎஸ்பி டிஸ்க்கை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். காலையில் கரண்ட் போய் வந்த பிறகு மெஷின் எழவில்லை. கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இப்படியும் அப்படியும் ஓடுகின்றன. பக்கத்தில் விநாடிகள் ஏறி 1 நிமிடம் 30 விநாடியைத் தொட்டதும் எமர்ஜென்சி மோடு. அது பழுது பார்க்க மட்டும் வரும் கட்டளைத் திரை. சரி, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டியிருக்கிறது, என்டர் அழுத்து என்கிறது. அழுத்தினால் திரும்பவும் அதே வரி! கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவர் வாசலில் நிற்கிறார். "டிஸ்க் போயிடுச்சாப்பா?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் கெர்னல் வரியைத் திருத்தி நேராக பாஷ் கட்டளைத் திரைக்குள் போய், ரூட் பார்ட்டிஷனை எழுதும்படி ரீமவுண்ட் செய்து, எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது (ஒரு ஃபோல்டரோடு இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்த யூஎஸ்பி டிஸ்க்கின் வரியைப் படிக்காமல் விடும்படி முன்னால் # போட்டதும் எழுந்துவிட்டது. செருகாத ஒரு டிஸ்க்குக்காக மொத்த மெஷினும் நிற்க வேண்டுமா?

வைகைக்கரை:
அந்த எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே) சேர்த்தால் முடிந்தது. உபுண்டு 14.04 வரை 'எஸ்' அழுத்தித் தாண்டிப் போக முடிந்தது. 15.04-இல் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வந்ததும் அது போயிற்று. என் நண்பர் வீட்டில் டிஸ்க் செருகித்தான் இருந்தது, இருந்தும் நின்றது. வரியில் டிஸ்க்குக்கே உரிய மாறாத அடையாளமான யூயூஐடி இல்லாமல், செருகும் வரிசையில் மாறக்கூடிய எஸ்டிபி1 என்ற பெயரை எழுதியிருந்தார்கள். இன்னொரு பென் டிரைவ் செருகியதும் எஸ்டிபி அதற்குப் போய்விட்டது.

சாந்தி_கணக்கு:
வைகைக்கரை, "முடிந்தது" என்று சொல்லாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் நோஃபெயில் இருந்தது, அதனால்தான் பிரச்சினையே. டிஸ்க் இல்லாத இரவுகளிலும் பேக்கப் நகலெடுக்கும் ஆர்சின்க் தன் பாட்டுக்கு ஓடி, மவுண்ட் ஆகாத வெற்று ஃபோல்டரில் எழுதியிருக்கிறது. ரூட் பார்ட்டிஷன் நிரம்பி, லாகின் கொடுத்தால் திரும்ப லாகின் திரைக்கே வந்தது. அதற்குள் யாரோ டிஸ்க்கைச் செருகி மவுண்ட் செய்துவிட்டார்கள். பார்ட்டிஷன் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் 100% என்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூவில் பார்த்தால் பாதிகூட வரவில்லை. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்தோம். அதே ஃபோல்டருக்குள், அடியில், அத்தனை கோப்புகளும் கிடந்தன. அந்த நாட்களுக்கு வெளி டிஸ்க்கில் பேக்கப்பே இல்லை. ஆடிட் நேரம் வேறு.

ராஸ்பெர்ரிக்காரன்:
என்னுடையது மானிட்டரே இல்லாத ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. பூட் எமர்ஜென்சி மோடில் நின்றால், நெட்வொர்க் வழியாக உள்ளே போகும் எஸ்எஸ்எச்சும் வராது. எஸ்டி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகித்தான் வரியைத் திருத்தினேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எப்போதும் செருகி இருக்காத டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப் வரியில் நோஆட்டோவும் (பூட்டில் மவுண்ட் செய்யாதே) சிஸ்டம்டி ஆட்டோமவுண்டும் சேர்த்துப் போடுங்கள். ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் ஆகும். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் டிவைஸ் டைம்அவுட்டை 10 விநாடி ஆக்குங்கள், இல்லையென்றால் தொட்ட புரோகிராம் 90 விநாடி தொங்கும். வரியின் ஆறாவது இடத்தில், டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்ற சோதனையைக் குறிக்கும் எண்ணாக 0 (சோதனை வேண்டாம்) போடுங்கள். பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்து, மவுண்ட் ஆகவில்லை என்றால் வெளியேறிவிட வேண்டும். டிஸ்க் இல்லாதபோது அந்த வெற்று ஃபோல்டருக்கு சிஹெச்ஆட்டர் கட்டளையால் ஐ குறியும் (மாற்ற முடியாதபடி பூட்டுவது) வைத்துவிட்டால், ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட்கூட அதில் எழுத முடியாது. எஃப்எஸ்டேபைத் தொட்ட பிறகு ரீபூட் செய்யும் முன் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் வெரிஃபை ஓட்டிப் பாருங்கள். பல பிழைகளை அங்கேயே காட்டிவிடும்.

சாந்தி_கணக்கு:
ஆறாவது இடத்தில் 0 எதற்கு? சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கப்படுவது வெளி டிஸ்க்தான். அதற்கே சோதனை வேண்டாம் என்றால் எப்படி? டிஸ்க் எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்பு) என்றால் 2 இருக்கட்டும். நோஃபெயில் இருக்கும்வரை, டிஸ்க் இல்லாவிட்டாலும் அந்தச் சோதனை பூட்டை நிறுத்தாது. ஐ குறி யோசனை நல்லது, இன்றைக்கே வைக்கிறேன்.

அச்சகத்துப் பையன்:
மாமா பெட்டியில் நோஃபெயிலும் மவுண்ட்பாயிண்ட் சோதனையும் போட்டாயிற்று. ரூட்டுக்கும் பாஸ்வேர்ட் வைத்தேன். அடுத்த முறை எமர்ஜென்சி மோடு வந்தால் உள்ளேயாவது போகலாம்.