ஜெனரேட்டர் ஓடியும் ஃப்ரீசர் ஏன் சூடானது?

மேலூர்க்காரன்:
வணக்கம். மதுரைக்கு வெளியே ஒரு மருத்துவ ஆராய்ச்சி வளாகத்தில் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. முன்கூட்டியே அறிவித்த மின்தடைதான். ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது. டீசலும் முக்கால் தொட்டி இருந்தது. இரண்டாம் மாடியில் ஒரே அறையில் ஒன்பது மைனஸ் 80 ஃப்ரீசர்கள், அதாவது மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பவை. மதியம் ஒன்றரை மணிக்கு மூன்று அலறத் தொடங்கின. ஒன்றில் மைனஸ் 61 காட்டியது. வோல்டேஜ் அளந்தேன், 228. குறையே இல்லை. பேராசிரியர் வந்து, "பதினோரு வருட ரத்த மாதிரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பழுதுபார்க்க வந்தவர் மூன்றுக்கும் கம்ப்ரெசர் மாற்றச் சொல்கிறார். ஒரே நாளில் மூன்றும் கெடுமா?

ஓய்வுபெற்ற வயர்மேன்:
தம்பி, மூன்று கம்ப்ரெசர்கள் பேசிவைத்துக்கொண்டு சாகாது. அந்த அறையின் ஏ.சி. ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

பழைய மாதிரி மைனஸ் 80 ஃப்ரீசர் ஒன்று நாளுக்கு 20 யூனிட் வரை இழுக்கும். அவ்வளவும் கடைசியில் வெப்பமாக அந்த அறைக்குள்தான் கொட்டும். ஒன்பதுக்கு 180 யூனிட்; மணிக்கு ஏழரை. ஏழெட்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சுடவைத்துக் கதவைச் சாத்தியது போல என்று வையுங்கள். வெளியே மே மாத வெயில் வேறு. பெரும்பாலான ஃப்ரீசர்கள் அறை 32 டிகிரிக்குள் இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். அதற்கு மேல் போனால் கம்ப்ரெசர் சூட்டை வெளியே தள்ள முடியாமல் தானே நின்றுவிடும். நின்றதும் உள்ளே ஏறும். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையிலும் இதேதான் நடந்தது. அங்கே நாங்கள் மூன்று நாள் ஜெனரேட்டரையே குடைந்துகொண்டிருந்தோம்.

ஆய்வகத்து அக்கா:
ஒன்று சொல்கிறேன். மைனஸ் 61 என்பது உள்ளே இருக்கும் காற்றின் கணக்கு. பெட்டி நிறைய மாதிரிகள் இருந்தால் குப்பிகள் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. அலாரம் கேட்டதும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவர்கள்தான் உண்மையில் கெடுக்கிறார்கள். எங்கள் கதவில் "திறக்காதே, முதலில் என்னைக் கூப்பிடு" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு ஃப்ரீசரை எப்போதும் காலியாக மைனஸ் 80-இல் ஓடவிடுங்கள். வீண்செலவு என்று கணக்குப் பிரிவு முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

மேலூர்க்காரன்:
ஐயா, போய்ப் பார்த்தேன். ஏ.சி. சாதாரண லைனில்தான் இருக்கிறது. பேனலுக்குள் யாரோ மார்க்கரில் "ஏ.சி. – அவசரமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். ஆட்களுக்கான ஏ.சி. என்று நினைத்திருப்பார்கள் போல. அலறிய மூன்றும் மேற்குச் சுவரை ஒட்டி நிற்பவை. காற்று இழுக்கும் முன்பக்க வலையைக் கழற்றினால் தூசி கோரைப்பாய் போல உரிந்து வந்தது. அக்கா, திறந்து பார்த்தது நான்தான்.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
வலையை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். ஏ.சி.யை ஜெனரேட்டருக்கு மாற்றும் முன் லோடு அளந்துகொள்ளுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும்போது ஒன்பதும் ஏ.சி.யும் ஒரே நொடியில் எழுந்தால் அது திணறும். டைமர் போட்டு ஒவ்வொன்றாக எழுப்புங்கள். வாரச் சோதனையையும் லோடு கொடுத்தே ஓட்டுங்கள். வெறுமனே உறுமவிட்டு நிறுத்துவதில் எதுவும் தெரியாது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே டீசல் நிரப்பிவிடுங்கள். அழகரை வரவேற்கும் எதிர்சேவையன்று மதுரை தல்லாகுளம் பக்கம் எந்த வண்டியும் நுழையாது.

அது சரி, கம்ப்ரெசர்காரருக்கு முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா?

மேலூர்க்காரன்:
காசோலை கையெழுத்துக்குப் போயிருக்கிறது ஐயா. திரும்ப வாங்க ஓடுகிறேன்.